குறி தெரியாமல் வகுக்காதீர்கள்: அசமன்பாட்டுக் கணக்குகளுக்கு ஓர் அறிமுகம்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, ஒரு மாலை நேரம் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். பொறியியல் முடித்தவர். கணக்கில் கெட்டிக்காரர். பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது:

க² > 4க

(தேர்வில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளை இந்தக் கட்டுரை முழுக்க க, ப என்று எழுதுகிறேன்.)

இரண்டு பக்கத்தையும் க-வால் வகுத்து, கீழே க > 4 என்று எழுதி, இரண்டு கோடு போட்டு முடித்திருந்தார். ஆனால் விடை அது இல்லை. "ஒரே ஒரு படிதானே சார், இதில் எங்கே தப்பு வரும்?" என்றார்.

க-வுக்குப் பதில் −1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம் 1. வலப்பக்கம் −4. 1 என்பது −4-ஐ விடப் பெரியதா? பெரியதுதான். அப்படியானால் −1-ம் ஒரு விடை. ஆனால் "க > 4" என்ற அவருடைய பதிலில் −1-க்கு இடமே இல்லை. −2, −10, −1000 எதைப் போட்டாலும் இதே கதைதான். அந்த ஒரு வகுத்தலில் குறை எண்கள் அத்தனையும் காணாமல் போய்விட்டன.

ஜிஆர்இ, மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், அமெரிக்கக் கல்லூரிகளில் சேருவதற்கான சாட் என்று எந்தத் தேர்வை எடுத்தாலும், இப்படி < அல்லது > வரும் அசமன்பாட்டுக் கணக்குகளில் மதிப்பெண் போகும் முக்கியமான இடம் இதுதான் என்பது என் அனுபவம். சமன்பாட்டில் பழகிய கை, அதே பழக்கத்தில் இங்கேயும் ஓடிவிடுகிறது. அந்தக் கையை ஒரு கணம் நிறுத்தி, "நான் பெருக்கப்போகும் அல்லது வகுக்கப்போகும் இந்த எண்ணின் குறி, அதாவது அது மிகையா குறையா என்பது, எனக்குத் தெரியுமா?" என்று கேட்கப் பழக்கிவிட்டால் போதும், பாதிக் கணக்குகள் வழிக்கு வந்துவிடும். மீதிப் பாதிக்கு எண்கோடு இருக்கிறது.

எண்கோட்டில் இடமும் வலமும்

க² > 4க போல, இரண்டு அளவுகளில் எது பெரிது என்று சொல்லும் கூற்றுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அசமன்பாடு என்று பெயர். இலங்கையில் சமனிலி என்பார்கள். சமம் என்பதைக் காட்டும் = குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அச்சில் கொண்டுவந்தார். <, > என்ற குறிகள் அச்சேற அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆனது. ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹேரியட் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1631-இல் வெளியான அவருடைய நூலில்தான் அவை வந்தன.

கூட்டல், கழித்தல் குறிகளோடு குழம்பாமல் இருக்க, வகுப்பில் நான் < மற்றும் > இரண்டையும் "அம்பு" என்றே சொல்வேன். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். குறி என்றால் மிகையா, குறையா என்பது. அம்பு என்றால் எது பெரிது என்று காட்டுவது.

க < ப என்றால் எண்கோட்டில் க இடப்பக்கம், ப வலப்பக்கம் என்று பொருள், அவ்வளவுதான். "சிறியது" என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். −7, −3 இரண்டையும் பார்த்தால் 7 பெரிதாகக் கண்ணில் படுகிறது. ஆனால் −7 இடப்பக்கம் தள்ளி இருப்பதால் −7 < −3. ஏழாயிரம் கடன் வைத்திருப்பவரை விட மூவாயிரம் கடன் வைத்திருப்பவர் கையில் அதிகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

இப்போது இரண்டு எண்களையும் கோட்டில் புள்ளிகளாக வைத்து, என்ன செய்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இரண்டோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் இரண்டு புள்ளிகளும் ஒன்றாக நகர்கின்றன. இடம் வலம் மாறாது. கழித்தாலும் அப்படியே. எனவே கூட்டலும் கழித்தலும் எப்போதுமே பத்திரம், குறியைப் பற்றிய கவலையே வேண்டாம். மிகை எண்ணால் பெருக்கினால் கோடு ரப்பர் மாதிரி இழுபடுகிறது அல்லது சுருங்குகிறது. அப்போதும் இடம் வலம் மாறாது.

குறை எண்ணால் பெருக்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. 2, 5 இரண்டையும் −1-ஆல் பெருக்கிப் பாருங்கள்: −2, −5. பூஜ்யத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்தது போல, வலப்பக்கம் இருந்தவை இடப்பக்கம் போய் விழுகின்றன. கண்ணாடியில் இடம் வலம் மாறுவது நமக்குத் தெரிந்ததுதானே. தூரத்தில் இருந்த 5 அந்தப் பக்கமும் தூரத்தில்தான் நிற்கிறது, ஆனால் இப்போது அது கடைசி இடப்பக்கம். ஆகவே 2 < 5 என்பது −2 > −5 ஆகிறது. "குறை எண்ணால் பெருக்கினால் அம்பு திரும்பும்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதியின் உள்ளே இருப்பது இந்தக் கண்ணாடிதான்.

அம்பைத் திருப்ப மறந்துவிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 3 − 2க > 11 என்று ஒரு கணக்கு. −2-ஆல் வகுக்கவே வேண்டாம். 2க-வை வலப்பக்கம் கொண்டு போங்கள், 11-ஐ இடப்பக்கம் கொண்டு வாருங்கள்:

3 − 11 > 2க
−8 > 2க
−4 > க

வெறும் கூட்டல் கழித்தல், கடைசியில் மிகை எண்ணான 2-ஆல் ஒரு வகுத்தல். அம்பு திரும்பவே இல்லை. −5 போட்டுச் சரிபார்த்தால் 3 + 10 = 13. அது 11-ஐ விடப் பெரிது. சரி.

மூன்று பகுதிகள் உள்ள கணக்கில் இந்த வழி அவ்வளவு வசதியாக இருக்காது. −5 < 3 − 2க ≤ 9 என்றால் மூன்று பகுதியிலும் 3-ஐக் கழித்து −8 < −2க ≤ 6. பிறகு −2-ஆல் வகுக்கும்போது இரண்டு அம்புகளும் சேர்ந்து திரும்ப வேண்டும்: 4 > க ≥ −3. க முழு எண் என்று கேள்வி சொன்னால் −3 முதல் 3 வரை ஏழு விடைகள். 4 சேராது, −3 சேரும். ≤, ≥ என்பவற்றின் அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டைக் கவனிக்காமல் எட்டு என்றோ ஆறு என்றோ குறிப்பவர்களுக்காகவே அந்த எண்களும் விடைப் பட்டியலில் காத்திருக்கும்.

மாறியால் வகுப்பது

எண்ணால் வகுக்கும்போது அதன் குறி கண்ணுக்குத் தெரிகிறது. மாறியால் வகுக்கும்போது தெரிவதில்லை. அந்த மாணவி செய்தது இதுதான். க-வால் வகுத்த அந்த நொடியில், தனக்கே தெரியாமல் "க மிகை எண்" என்று முடிவு செய்துவிட்டார். அப்படிக் கேள்வி எங்கேயும் சொல்லவில்லை.

ஜிமேட் தேர்வில் இதற்கென்றே ஒரு கேள்வி வகை இருப்பதாக எனக்குத் தோன்றும். டேட்டா சஃபிஷியன்சி என்று பெயர். இப்போதைய ஜிமேட்டில் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகிறது. ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தருவார்கள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. விடை சொல்ல எந்தக் கூற்று போதும், முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சேர்ந்தா, தனித்தனியே ஒவ்வொன்றுமா, இரண்டும் சேர்ந்தாலும் போதாதா என்பதுதான் கேள்வி.

ஒன்றைப் பாருங்கள். க என்பது ப-வை விடப் பெரியதா? முதல் கூற்று: க/ப > 1. இரண்டாம் கூற்று: ப > 0.

அவசரத்தில் முதல் கூற்றைப் ப-வால் பெருக்கி "க > ப, போதும்" என்று குறித்துவிட்டுப் போவார்கள். க = −3, ப = −2 என்று வைத்துப் பாருங்கள். க/ப என்பது 1.5, ஒன்றை விடப் பெரிது. ஆனால் −3 என்பது −2-ஐ விடச் சிறியது. க = 3, ப = 2 என்றால் பதில் தலைகீழ். ஆக முதல் கூற்று தனியாகப் போதாது. இரண்டாவது ப-வைப் பற்றி மட்டும் பேசுகிறது, அதுவும் தனியாகப் போதாது. இரண்டையும் சேர்த்தால் ப மிகை எண் என்று உறுதியாகிறது, தைரியமாகப் பெருக்கலாம், க > ப என்று வருகிறது. விடை: இரண்டும் சேர்ந்தால் போதும். இரண்டாம் கூற்றை அங்கே வைத்ததே குறியைச் சொல்வதற்காகத்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த வகைக் கணக்கில் "ப > 0", "கப < 0" போன்ற சாதுவான கூற்றைப் பார்த்தால், குறிதான் இங்கே விவகாரம் என்று புரிந்துகொள்ளலாம்.

தலைகீழ் எடுப்பதிலும், அதாவது க-வை 1/க ஆக்குவதிலும், இதே சிக்கல். 2 < 5, ஆனால் 1/2 > 1/5. அம்பு திரும்பிவிட்டது. −2 < 5 என்பதற்குத் தலைகீழ் எடுத்தால் −1/2 < 1/5, இங்கே அம்பு திரும்பவில்லை. இரண்டும் ஒரே குறியானால் திரும்பும், வெவ்வேறு குறியானால் திரும்பாது. 1/க > 3 என்ற கணக்கில் "க < 1/3" என்று எழுதிவிட்டு நிறுத்தினால், −10-உம் விடை என்று ஆகிவிடும். ஆனால் க குறை எண்ணானால் 1/க-வும் குறை எண், 3-ஐ எப்படித் தாண்டும்? சரியான விடை 0 < க < 1/3.

சரி, வகுக்கக் கூடாது என்றால் என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டு வந்து, மறுபக்கம் பூஜ்யத்தை வைக்க வேண்டும். கழித்தல் எப்போதும் பத்திரம் என்று பார்த்தோம் அல்லவா? அந்த ஒரு அனுமதியை வைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம். மாணவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

க² − 4க > 0
க(க − 4) > 0

இரண்டு காரணிகளின் பெருக்கற்பலன் மிகை எண்ணாக வேண்டும். ஒவ்வொரு காரணியும் பூஜ்யமாகும் இடங்கள் 0, 4. ஒரு எண்கோடு வரைந்து இந்த இரண்டு புள்ளிகளைக் குறித்தால், கோடு மூன்று துண்டாகிறது. ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும், ஏனென்றால் பூஜ்யத்தைத் தொடாமல் ஒரு காரணி தன் குறியை மாற்றிக்கொள்ள முடியாது. −1 போட்டால் (−1)(−5), மிகை. 1 போட்டால் (1)(−3), குறை. 5 போட்டால் (5)(1), மிகை. எனவே க < 0 அல்லது க > 4. மாணவி தொலைத்த பகுதி இடப்பக்கம் அப்படியே கிடைத்துவிட்டது.

பின்னம் வந்தாலும் முறை இதுதான், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. (க − 3)/(க + 2) ≤ 0 என்பதில் (க + 2)-ஆல் பெருக்கி க ≤ 3 என்று எழுதினால் பழைய தவறே. குறிக்க வேண்டிய புள்ளிகள் −2, 3. நடுத்துண்டில் 0 போட்டால் −3/2, குறை எண். வெளித்துண்டுகளில் மிகை வருகிறது. ஆக நடுத்துண்டுதான் விடை. முனைகள்? 3-இல் மதிப்பு பூஜ்யம், ≤ என்பதால் அது சேரும். −2-இல் பின்னத்தின் பகுதி, அதாவது கீழே உள்ள க + 2, பூஜ்யமாகிவிடுகிறது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது, எனவே சேராது. −2 < க ≤ 3. முழு எண்கள் எத்தனை என்று கேட்டால் ஐந்து.

வர்க்கமாக ஒரு காரணி வந்தால், உதாரணமாக (க − 1)²(க − 4) < 0, அந்த வர்க்கம் குறியை மாற்றாது. 1-இல் பூஜ்யமாகிறது, மற்ற எங்கேயும் மிகைதான். எனவே விடை க < 4, ஆனால் க = 1 மட்டும் கிடையாது. அந்த ஒற்றைப் புள்ளியை விடுபவர்கள் அதிகம்.

க² < 9 என்பதைப் பார்த்தவுடன் க < 3 என்று எழுதும் பழக்கமும் இதே குடும்பம்தான். −10-இன் வர்க்கம் 100. சரியான விடை −3 < க < 3. அம்பு மறுபக்கம் இருந்தால், அதாவது க² > 9 என்றால், க > 3 அல்லது க < −3.

ஒப்பிடும் கேள்விகள்

ஜிஆர்இ-யின் கணிதப் பகுதி 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகு, மொத்தம் 27 கேள்விகள், 47 நிமிடம். அதில் ஒரு கணிசமான பங்கு குவான்டிடேட்டிவ் கம்பாரிசன் என்ற வகை: இரண்டு அளவுகளைத் தந்து, எது பெரிது, அல்லது சமமா, அல்லது சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். கேள்வியில் அம்பே கண்ணில் படாமல் இருக்கலாம், ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொன்றும் ஓர் அசமன்பாடுதான். இரண்டு அளவுகளுக்கும் நடுவே தெரியாத ஓர் அம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு, இரு பக்கமும் கூட்டலாம், கழிக்கலாம். குறி தெரியாத எதனாலும் பெருக்கக் கூடாது.

கப < 0 என்று தந்திருக்கிறார்கள். முதல் அளவு (க + ப)². இரண்டாம் அளவு க² + ப². முதலாவதை விரித்தால் க² + 2கப + ப². இரண்டு பக்கமும் க² + ப²-ஐக் கழித்துவிட்டால் 2கப ஒரு பக்கம், 0 மறுபக்கம். கப குறை எண் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எனவே இரண்டாம் அளவு பெரிது. எண் எதுவும் போட்டுப் பார்க்கவில்லை, திரையில் இருக்கும் கால்குலேட்டரையும் தொடவில்லை.

எண் போட்டுப் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஒரு எண்ணுக்கு முதலாவது பெரிது, இன்னொரு எண்ணுக்கு இரண்டாவது பெரிது என்று வந்துவிட்டால் "சொல்ல முடியாது" என்பது உறுதி, அங்கேயே முடிந்தது. ஆனால் ஐந்து எண் போட்டும் ஒரே பதில் வருகிறது என்பதால் ஆறாவதுக்கும் அதுதான் வரும் என்று நிச்சயமில்லை. எண்கள் ஒரு கூற்றைப் பொய் என்று காட்டும், மெய் என்று நிறுவ இயற்கணிதம்தான் வேண்டும்.

அப்படியானால் எந்த எண்களைப் போடுவது? நம் எல்லோருக்கும் 2, 3, 5 என்றுதான் முதலில் மனதில் வரும். தேர்வு எழுதுபவர்களுக்கும் அது தெரியும், கேள்வி தயாரிப்பவர்களுக்கும் தெரியும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் உள்ள சின்ன இடத்தில்தான் எண்கள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. 4-ஐ எடுத்தால் வர்க்கம் 16, வர்க்கமூலம் 2, தலைகீழ் 1/4. வர்க்கம்தான் எல்லாவற்றிலும் பெரிது. 1/4-ஐ எடுத்தால் வர்க்கம் 1/16, வர்க்கமூலம் 1/2, தலைகீழ் 4. இப்போது வர்க்கம்தான் எல்லாவற்றிலும் சிறியது, வரிசை முழுவதும் தலைகீழாகிவிட்டது. இடப்பக்கம் −1-க்கும் 0-க்கும் நடுவிலும் இப்படி ஒன்று நடக்கிறது: −1/2-ஐ எடுத்தால் அதன் மும்மடி −1/8, அது −1/2-ஐ விடப் பெரிது. ஆனால் −2-இன் மும்மடி −8, அது −2-ஐ விடச் சிறியது. அதனால் −2, −1, −1/2, 0, 1/2, 1, 2 என்ற ஏழு எண்களை ஒரு பட்டியலாக மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஏழையும் போட வேண்டாம். கேள்வி அனுமதிப்பவற்றில் ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு மூன்றை எடுத்தாலே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். "க முழு எண்" என்று கேள்வியில் இருந்தால் 1/2 அனுமதியில்லை, இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மட்டு மதிப்பு என்பது தூரம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். |க| என்ற மட்டு மதிப்பைப் பள்ளியில் "குறியை எடுத்துவிடு" என்று சொல்லித் தந்தார்கள். அது தவறில்லை, ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடும்போது "மிகையானால் இப்படி, குறையானால் அப்படி" என்று இரண்டு மூன்று கிளைகளாகப் பிரிந்து தலை சுற்றும். |க − 5| என்பதை "க-வுக்கும் 5-க்கும் இடையே உள்ள தூரம்" என்று படியுங்கள், எல்லாம் எளிதாகிவிடும்.

|க − 5| ≤ 2 என்றால், 5-இலிருந்து 2 அடிக்குள் நிற்கும் எண்கள். 3 முதல் 7 வரை. முடிந்தது. |க + 4| என்பது? க − (−4) என்று எழுதிப் பாருங்கள், −4-இலிருந்து உள்ள தூரம். தூரம் குறை எண்ணாக முடியாது, எனவே |க − 8| < −1 என்று கேட்டால் விடையே கிடையாது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள்:

|க − 2| > |க + 4|

கிளை பிரித்துச் செய்தால் அரைப்பக்கம் போகும். தூரமாகப் படித்தால்: க-வுக்கும் 2-க்கும் உள்ள தூரம், க-வுக்கும் −4-க்கும் உள்ள தூரத்தை விட அதிகம். அதாவது க, −4-க்குப் பக்கமாக இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு பேருந்து நிறுத்தம், ஒன்று −4-இல், ஒன்று 2-இல். இரண்டுக்கும் சரிபாதி −1. அதற்கு இடப்பக்கம் குடியிருப்பவர்களுக்கு எல்லாம் −4 நிறுத்தம்தான் பக்கம். எனவே க < −1. −2 போட்டுப் பாருங்கள்: 4 > 2. சரிதான்.

இதையே எதிர்த்திசையிலும் கேட்பார்கள். ஒரு இயந்திரத்தின் வெப்பநிலை 4 பாகை முதல் 16 பாகை வரை இருக்கலாம், இதை மட்டு மதிப்பில் எழுதினால் எது சரி? நடுப்புள்ளி 10, அங்கிருந்து இரு முனைக்கும் தூரம் 6. |க − 10| ≤ 6. நடுவைக் கண்டுபிடி, தூரத்தை அள, அவ்வளவுதான்.

|2க − 3| < 7 போன்று மாறிக்கு முன்னால் எண் இருந்தால் தூரக் கணக்கை 2க-வுக்குச் செய்யுங்கள். 2க என்பது 3-இலிருந்து 7-க்குள் இருக்கிறது, அதாவது −4 < 2க < 10. பாதியாக்கினால் −2 < க < 5.

இரண்டு வீச்சுகளைச் சேர்க்கும்போது

2 < க < 6, 1 < ப < 4 என்று இரண்டு வீச்சுகள் தந்து, க − ப எங்கே இருக்கும் என்று கேட்கிறார்கள். மேலே கீழே எழுதி அப்படியே கழித்தால் 1 < க − ப < 2 என்று வரும், அது தவறு. ஒரே திசையில் அம்பு உள்ள இரண்டு அசமன்பாடுகளைக் கூட்டலாம், கழிக்கக் கூடாது. க − ப மிகச் சிறியதாக வேண்டுமானால் க சிறியதாகவும் ப பெரியதாகவும் இருக்க வேண்டும்: 2 − 4 = −2. மிகப் பெரியதாக வேண்டுமானால் 6 − 1 = 5. ஆகவே −2 < க − ப < 5.

பெருக்கலில் இன்னும் கொஞ்சம் நிதானம் தேவை. −3 ≤ க ≤ 2, −4 ≤ ப ≤ 5. கப-வின் அதிகபட்ச மதிப்பு எது? இரண்டின் பெரிய முனைகளைப் பெருக்கி 10 என்று சொல்லத் தோன்றும். நான்கு மூலைகளையும் பெருக்கிப் பாருங்கள்: (−3)(−4) = 12, (−3)(5) = −15, (2)(−4) = −8, (2)(5) = 10. அதிகபட்சம் 12, குறைந்தபட்சம் −15. இரண்டு குறை எண்கள் சேர்ந்து ஒரு பெரிய மிகை எண்ணைத் தருகின்றன. பெருக்கலுக்கு எப்போதும் நான்கு மூலைகளையும் பார்த்துவிடுங்கள், இருபது நொடிதான் ஆகும். ஆனால் க² கேட்டால் முனைகள் மட்டும் போதாது. −3 ≤ க ≤ 2 என்றால் க²-இன் குறைந்தபட்சம் 4 இல்லை, 0. வீச்சின் நடுவில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது.

சொற்களில் வரும் கணக்குகள்

சாட் தேர்வில் இந்த வகை நிறைய வரும். அங்கே கணிதம் முழுவதற்கும் டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது, அசமன்பாட்டைத் தட்டினால் விடைப்பகுதிக்கு நிழல் அடித்துக் காட்டும். ஆனால் எதைத் தட்டுவது என்று அது சொல்லாது. வாக்கியத்தை அம்பாக மாற்றுவது நம் வேலை.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, இரண்டே இரண்டு ஆங்கிலத் தொடர்களில்தான். "அட் லீஸ்ட் 5" என்பதில் லீஸ்ட் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கை ≤ போட்டுவிடுகிறது. அது "ஐந்துக்குக் குறையாமல்", அதாவது ≥ 5. "அட் மோஸ்ட் 5" என்பது "ஐந்துக்கு மேல் போகாமல்", ≤ 5. ஆங்கிலத்தில் படித்ததும் மனதுக்குள் "குறையாமல்", "மேல் போகாமல்" என்று சொல்லிப் பாருங்கள். அம்பு தானாகச் சரியாக விழும்.

ஒரு பள்ளிக் குழு டி-ஷர்ட் அச்சடிக்கிறது. அச்சு அமைப்புக்கு 40 டாலர், பிறகு ஒவ்வொரு சட்டைக்கும் 12 டாலர். செலவு 250 டாலருக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் எத்தனை சட்டை? சட்டைகளின் எண்ணிக்கையை ந என்போம். 40 + 12ந ≤ 250. 12ந ≤ 210. ந ≤ 17.5. பாதிச் சட்டை கிடையாது, எனவே 17. இங்கே 18 என்று முழுமையாக்கினால் செலவு 256 டாலர் ஆகிவிடும். குறைந்தபட்சம் எத்தனை என்று கேட்கும் கணக்கில் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதைக் கதைதான் சொல்லும், வழக்கமான தோராய விதி இங்கே உதவாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிமேட் கணிதப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். எண்கோடு வரைய நேரமில்லை என்று சொல்பவர்களிடம் நான் கடிகாரத்தை வைத்து வரையச் சொல்வேன். ஒரு கோடு, இரண்டு புள்ளி, மூன்று குறி. பத்து நொடி தாண்டியதில்லை.

அந்த மாணவி அடுத்த வாரம் வந்தபோது நான் க³ > 4க என்று எழுதிக் கொடுத்தேன். பேனா க-வின் மேல் ஒரு நொடி நின்றது. அப்புறம் 4க-வை இந்தப் பக்கம் கொண்டு வந்தார். க(க − 2)(க + 2) > 0 என்று காரணிப்படுத்தினார். கோடு போட்டு −2, 0, 2 என்று மூன்று புள்ளி வைத்தார். வலக்கோடியிலிருந்து ஆரம்பித்து கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று துண்டுகளின் மேல் குறித்துக்கொண்டே போனார். −2 < க < 0 அல்லது க > 2 என்று எழுதிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே ஓரத்தில் −1-ஐப் போட்டுப் பார்த்தார்: −1 > −4.